காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம்: ஒன்றரை நாளை எந்த வரிசையில் போடுவது

எங்கள் வீட்டுக்கு வெளியூர்ச் சொந்தம் வந்தால் முதல் நாள் ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி என்று ஓடிவிடும். மறுநாள் பட்டாலையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ராமேஸ்வரம் ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடலாமே." அந்த ஒரு எட்டு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் ஊரணியும் கண்மாயும்தான். அதனால் கடல் என்றதும் பிள்ளைகள் முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இப்படிப் பல தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எந்தெந்த இடம் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தடுமாறுவது எதற்கு அப்புறம் எது என்பதில்தான். அந்த ஊரில் மூன்று விஷயங்கள் உங்கள் நேரத்தைத் தீர்மானிக்கும்: கோயில் நடை மதியம் சாத்துவது, தனுஷ்கோடிச் சாலையை மாலையில் அடைப்பது, உங்கள் உடம்பில் இருக்கும் ஈரத்துணி. இந்த மூன்றுக்கும் இடம் விட்டுத்தான் மற்றதை அடுக்க வேண்டும்.

1. நாள் குறிக்கும் முன் காலண்டரைப் புரட்டுங்கள்

ஆடி, புரட்டாசி, தை மாத அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வேண்டியிருந்தால் போங்கள். ஊர் பார்க்க என்றால் அந்த நாட்களையும், முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளையும் தள்ளிவிடுங்கள். அன்று கடற்கரையில் காலை வைக்க இடம் இருக்காது, வண்டியையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மற்ற மாத அமாவாசைகளும் கூட்டம்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிக்கு விடமாட்டார்கள், பாம்பனில் காற்று அதிகமானால் ரயிலும் நிற்கும். என் கணக்கில் பொங்கல் கூட்டம் வடிந்ததிலிருந்து மாசி கடைசி வரைதான் நல்ல காலம். வெயில் தாங்கும், காற்றும் மணலை வாரி முகத்தில் அடிக்காது.

மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் ரகம் குறைவு, விலை கூடுதல்.

2. ஓர் இரவு தங்குங்கள்

காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கணக்குப் போடுவார்கள். மூன்று மணி நேரப் பயணம், போய்ச் சேரப் பத்து மணி, தீர்த்தமாட, அதாவது கடலிலும் கோயிலுக்குள் இருக்கும் 22 கிணற்று நீரிலும் நனைய, மதியம் வரை. அதற்குள் நடை சாத்திவிடும். கோயில் காலை ஐந்து மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை, அப்புறம் மூன்று மணியிலிருந்து இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். மூன்று மணிக்குத் தரிசனத்துக்கு நின்றால் தனுஷ்கோடி போயிற்று. தனுஷ்கோடி போனால் தரிசனம் போயிற்று. ஒரே நாளில் போய்வந்தவர்கள் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

நான் சொல்லும் வரிசை இது. முதல் நாள் காலை கிளம்பி, வழியில் இருப்பவற்றைப் பார்த்துக்கொண்டே போய், பிற்பகல் தனுஷ்கோடி. இரவு ஊரில் தூக்கம். மறுநாள் விடிவதற்கு முன் கோயில், தீர்த்தம், தரிசனம். மதியம் கிளம்பினால் பொழுது சாய வீடு.

தங்கும் இடத்தைக் கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில் பிடியுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி நல்ல அறை கிடைக்கும், வாடகையும் குறைவு. ஆனால் மறுநாள் காலை ஈரத்தோடு நடந்து திரும்பவேண்டி வந்தால் அந்த ஒரு கிலோமீட்டர் கனக்கும். பல சமூகத்தாருக்கும் அங்கே சத்திரங்கள் உண்டு, நகரத்தார் விடுதியும் இருக்கிறது. ஊரில் யாரையாவது கேட்டு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். போய் இறங்கிக் கேட்டுக்கொள்ளலாம் என்பது சனி, ஞாயிறில் நடக்காது.

3. பை கட்டும்போது இரண்டாகக் கட்டுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வருகிறவர்கள் தீர்த்தக் கட்டத்தில் திண்டாடுவார்கள். தீர்த்தத்துக்கென்று தனியாக ஒரு சின்ன துணிப்பை கட்டுங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, ஈரத்துணியைப் போட ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, சில்லறை. அவ்வளவுதான். இந்தப் பையை யார் வைத்துக்கொள்வது என்பதையும் வீட்டிலேயே பேசி முடியுங்கள். தீர்த்தமாடாத ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவர் கையில் கொடுத்துவிடலாம்.

எதை உடுத்திக்கொண்டு நனைவது என்பதும் முக்கியம். எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு நனையவேண்டும் என்று ஒரு தடவை சென்னைச் சித்தி ஆசைப்பட்டார். காய்ந்திருக்கும்போது அழகுதான். கெட்டி நூல், தண்ணீர் குடித்ததும் குடம் தூக்கியதுபோல ஆகிவிட்டது. பாதிக் கிணற்றிலேயே, "என்னால முடியலடா" என்று தூணில் சாய்ந்துவிட்டார். மெல்லிய, ஆனால் உடம்பைக் காட்டாத அடர் நிறத் துணிதான் சரி. பெண்களுக்குச் சுடிதார் வசதி. ஆண்கள் வேட்டி கட்டினால் மேலே பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஈர வேட்டி இடுப்பில் நிற்காது, இரண்டு கையும் தடுமாறாமல் இருக்க வேண்டிய இடம் அது.

நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடலில் நழுவினால் தேட முடியாது. தொப்பி, தண்ணீர் பாட்டில், கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி மூன்றும் தனுஷ்கோடிக்கு வேண்டும். வழிக்குச் சாப்பாடாகப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், கொறிக்க ஓர் ஓலைக் கொட்டானில் தேன்குழலும் சீப்புச் சீடையும் போதும். கந்தரப்பம் வேண்டாம். எண்ணெயில் ஊறிய அந்த இனிப்பு வண்டிச் சூட்டில் வயிற்றைக் கெடுக்கும்.

4. ஆறு மணிக்குக் காரைக்குடியை விடுங்கள்

காரில் போகிறவர்கள் தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று போகலாம். சாலை நல்ல சாலை. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்பார்கள், நாரையாலேயே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று. தண்ணீர் கிடக்கும் மாதங்களில் பிள்ளைகள் அதையே கடல் என்று நினைத்துக் கத்தும். ஐந்து நிமிடம் நிறுத்தலாம், தப்பில்லை.

ரயிலும் உண்டு. காரைக்குடியிலிருந்து மானாமதுரை சுற்றி ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாகப் போகும். பாம்பன் பாலத்தை ரயிலில் கடக்க வேண்டும் என்பதே ஆசை என்றால் இதுதான் வழி. ஆனால் வழியில் தேவிபட்டினம் போய்விடும், அங்கே போய் ஆட்டோவை நம்ப வேண்டும். வயதானவர்கள் இருந்தால் ரயிலும், பிள்ளைகள் இருந்தால் காரும் என்று நான் பிரித்துக்கொள்வேன்.

தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கொஞ்சம் சுற்று. அதில் உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறார். கருவறைக்கு மேல் கூரை கிடையாது, வெயில் நேராகச் சாமி மேல் விழும். சேது யாத்திரையை இங்கே தொடங்குவதுதான் பழைய வழக்கம். நேரம் இருக்கிறவர்கள் போங்கள். தொண்டி கடற்கரை மீன்பிடிக் கடற்கரை, குளிக்கிற இடமில்லை. அதை நம்பிப் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லி வைக்காதீர்கள்.

5. தேவிபட்டினத்தில் அரை மணி

கடலுக்குள் ஒன்பது கல்தூண்கள் நிற்கின்றன, நவபாஷாணம் என்பது அதுதான். கரையிலிருந்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். கடல் ஏறியிருந்தால் தூண்களின் தலை மட்டும் தெரியும், இறங்கியிருந்தால் நன்றாகத் தெரியும்.

வழுக்கும். பாசி, எண்ணெய், நவதானியம் எல்லாம் சேர்ந்த தரை. வயதானவர்களைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். பரிகாரம் செய்கிறவர்கள் இறங்கிக் குளிப்பார்கள். பார்க்க மட்டும் வந்தவர்கள் இங்கே நனையாதீர்கள், இன்னும் ஒரு முழு நாள் காரில் உட்கார வேண்டியிருக்கிறது. வாசலில் பூசை சாமான் தட்டை நீட்டுவார்கள். தேவையில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையில் வாங்கியபின் விலை பேசுவது கஷ்டம்.

6. பாம்பனில் எங்கே நிற்பது

எல்லோரும் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்குவார்கள். 1988இல் திறந்த பாலம், இரண்டே வழித்தடம். நின்றால் பின்னால் வரிசை கட்டும், போலீஸ் விசில் ஊதும், படம் எடுப்பதற்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். பாலம் தாண்டியதும் பாம்பன் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நடந்து வந்து பாருங்கள். நடைக்கு இடம் இருக்கிறது, காற்றும் கிடைக்கும்.

கீழே தெரிவது ரயில் பாலம். பழையது 1914இல் வந்தது, கப்பலுக்கு வழிவிட இரண்டு கைபோலப் பிரிந்து தூக்கியது, 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. புதியது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. அதில் நடுவே 72.5 மீட்டர் நீளத்துண்டு பிரியாமல் அப்படியே நேராக மேலே ஏறும். கப்பல் வரும் நேரம் அமைந்தால் பார்க்கலாம், காத்திருக்க வேண்டாம். ரயில் வரும் நேரத்தைத்தான் கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கிருந்து ஊருக்குப் போகும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். போகும்போதே பார்த்துவிடுங்கள், சாலையோரத்திலேயே இருக்கிறது. திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டால் அன்று எல்லோரும் அசதியில் இருப்பார்கள், ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

7. மதியம் சாப்பிட்டதும் தனுஷ்கோடி

மொத்தப் பயணத்திலும் நேரம் தவறக் கூடாத இடம் இது. அறையில் சாமானைப் போட்டு, சாப்பிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். ஊரிலிருந்து, தனுஷ்கோடி தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் உள்ள சோதனைச் சாவடியில் மாலையானதும் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை "சூரியன் மறையிறதப் பாக்கலாம் மாமா" என்ற மருமகன் பேச்சைக் கேட்டு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாவடியில் கையைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். அன்று பார்த்த கடல், சாவடிக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு கீற்றுதான்.

முதலில் கடைசிக்குப் போங்கள், திரும்பும்போது மற்றவை. பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பழைய ஊரில் இறங்கி இடிந்த மாதாகோயில், ரயில் நிலையம் என்று சுற்றிவிட்டு, முனைக்குப் போகும்போது நேரம் முடிந்துவிடும். முனையில் கூட்டம் சேரச்சேர வண்டி திரும்பவும் இடம் கிடைக்காது. நாலு மணிக்குமேல் வெயில் இறங்கியபின் இடிந்த கட்டடங்களைப் பார்ப்பதுதான் நடக்கவும் சுகம், படத்துக்கும் வெளிச்சம் நன்றாக விழும்.

சாலை 2017இல்தான் முனைவரை திறந்தது. அதற்கு முன் மணலில் வேனிலும் ஜீப்பிலும் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். இப்போது சொந்தக் காரிலேயே போகலாம், அரசுப் பேருந்தும் போகிறது. சாலையை விட்டு மணலில் மட்டும் இறக்காதீர்கள். காய்ந்த மணல்போலத் தெரியும், சக்கரம் அரையடி புதைந்தபின்தான் அடியில் ஈரம் என்று புரியும். இழுத்துவிட வருகிறவர் கேட்கும் காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முனையில் நின்றால் இரண்டு கடலும் தெரியும். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை உள்ளூர்க்காரர்கள் பெண் கடல் என்பார்கள். ஆழம் குறைவு, அலை குறைவு. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், நீலம் அடர்த்தி, அலை அடிக்கும். காற்று மாறும்போது இந்தக் குணமும் மாறும். வாடைக்காற்றில் அமைதியான பக்கமும் கொந்தளிக்கும்.

இங்கே குளிக்கக் கூடாது. பலகை வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது இறங்குவதைப் பார்க்கிறேன். இரண்டு பக்க நீரும் சேரும் இடத்தில் அடிநீரோட்டம் இழுக்கும், காலடியில் மணல் சரியும். முழங்கால் தண்ணீர்தானே என்று நிற்பவர் அடுத்த அடியில் இடுப்புவரை போய்விடுவார். பிள்ளைகளுக்குக் குளிக்க வேறு இடம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். அதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் இங்கே அழமாட்டார்கள்.

பழைய ஊரில் நிழல் கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் போன இடம். மிச்சம் இருப்பவை சில சுவர்கள்தான். சுவர் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை, உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்துக் குடிசைக் கடைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். மீனைக் கையில் காட்டச் சொல்லி, விலையையும் கேட்டுவிட்டு, அப்புறம் பொரிக்கச் சொல்லுங்கள். சங்கு, பாசிமணி வாங்குவதும் அப்படித்தான். பவளத்துண்டு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

ஊருக்குத் திரும்பும்போது கோதண்டராமர் கோயில். சுற்றிலும் தண்ணீர் கிடக்க, நடுவில் தனியாக நிற்கும். அந்தப் புயலிலும் நின்ற கோயில். குளிர்காலத்தில் இந்தப் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். இறங்கிக் கிட்டே போகாமல் சாலையிலிருந்தே பாருங்கள். நெருங்கினால் மொத்தமும் எழுந்து பறந்துவிடும், பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

8. இரவு சீக்கிரம் படுங்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கோயிலைச் சுற்றி சைவ உணவகங்கள்தான் பெரும்பாலும், இட்லி, தோசை கிடைக்கும். தீர்த்தப் பையை வாசல் பக்கம் எடுத்து வையுங்கள். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். நாலு மணிக்கு எழ வேண்டும்.

9. விடியுமுன் ஸ்படிக லிங்கம், காய்ந்த துணியோடு

நடை திறந்ததும் ஐந்து மணி வாக்கில் ஸ்படிக லிங்க தரிசனம். கொஞ்ச நேரம்தான். ஆகவே நாலரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். இதற்கு அறையில் குளித்துவிட்டு, காய்ந்த துணியோடு போங்கள். தீர்த்தமாடிவிட்டு இதற்கு வரலாம் என்று நினைப்பவர்கள் ஈரத்துணியோடு வந்து திரும்பிப்போவார்கள்.

கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். வாசலில் கொடுத்து வாங்க வரிசையில் நின்றால் அந்தக் காலை நேரத்தில் அரை மணி போகும், வேறு வாசல் வழியாக வெளியே வந்தால் அதை வாங்கச் சுற்றி நடக்க வேண்டும். கைப்பேசி இல்லாததால் ஒருவரை ஒருவர் தவறவிடுவது நடக்கும். எந்தக் கோபுரத்தடியில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் ஊர் அது. "கோயில் வாசல்ல நிக்கிறேன்" என்பது அங்கே முகவரியே இல்லை. நாங்கள் எப்போதும் கிழக்குக் கோபுரம் என்று வைத்துக்கொள்வோம், கடல் பக்கம் என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

10. முதலில் அக்னி தீர்த்தம், அப்புறம் இருபத்திரண்டு

தரிசனம் முடித்து அறைக்குப் போய், நனைகிற துணிக்கு மாறி, கிழக்கே கடலுக்குப் போங்கள். அக்னி தீர்த்தம் என்பது இந்தக் கடல்தான். முதலில் உப்புநீர், அப்புறம் கோயில் கிணறுகளின் நல்ல நீர் என்பதுதான் முறை. முறை ஒருபுறம் இருக்கட்டும், கடைசியில் கடலில் குளித்தால் உடம்பெல்லாம் உப்போடு நாள் முழுக்க அரிக்கும். அதற்காகவே இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கடல் இங்கே அமைதிதான், இடுப்பளவில் மூழ்கி எழலாம். காலில் துணி சுற்றும். குளித்தவர்கள் உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தால் வந்த வினை. நீங்கள் விடாதீர்கள். திதி, தர்ப்பணம் இருந்தால் இங்கேயே, இப்போதே. எவ்வளவு தட்சிணை, அதில் என்னென்ன சேரும் என்று உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து கோயிலுக்குள் 22 தீர்த்தம். சீட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் போனால் போதும். கரையிலேயே ஒருவர் வந்து, "தனி வாளி, தனி ஆள், கூட்டம் இல்லாம முடிச்சுத் தர்றேன்" என்பார். ஒரு தடவை ஒத்துக்கொண்டோம். ஏழு பேருக்கு ஒரு தொகை பேசி, பாதியில் ஆளுக்கு அந்தத் தொகை என்று மாற்றினார். நனைந்து நடுங்கிக்கொண்டு நின்று வாதாட யாருக்குத் தெம்பு இருக்கும்? கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து சீட்டு வரிசைதான்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று போய்க் கோடி தீர்த்தத்தில் முடியும். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஒருவர் நின்று, கயிற்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். இத்தனை பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு கிணற்று நீர் குளிர்ந்திருக்கும், அடுத்தது வெதுவெதுப்பாக இருக்கும், சுவையும் வேறு. கடலை ஒட்டிய ஊரில் அத்தனையும் நல்ல தண்ணீர்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். தலைமுடியை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள், விரித்த முடி கண்ணை மறைத்தால் படி தெரியாது. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். ஓடாதீர்கள், கற்றளம் முழுக்க ஈரம். கூட்டம் முன்னால் போகிறதே என்று வேகமாக நடந்துதான் எல்லோரும் விழுகிறார்கள். பின்தங்கினால் அடுத்த கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்தாவது கிணறு வருவதற்குள் பல் நடுங்கிவிடும். அவர்களுக்கு இரண்டு, மூன்று கிணறு போதும். முட்டிவலிக்காரர்களையும் இரத்த அழுத்தம் இருப்பவர்களையும் கட்டாயப்படுத்தாதீர்கள், தலையில் தெளித்துக்கொண்டால் ஆயிற்று.

கோடி தீர்த்தத்தை ஒரு பாட்டிலில் வாங்கிக்கொள்ளலாம். கங்கைநீர் வைப்பதுபோல அதையும் வீட்டில் வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்.

11. உடை மாற்றி, அப்புறம் சந்நிதி

ஈரத்தோடு மூலவர் சந்நிதிக்குப் போக விடமாட்டார்கள். தீர்த்தம் முடியும் இடத்தருகே உடை மாற்ற இடம் உண்டு, கூட்டமாக இருக்கும். அறை பக்கத்தில் என்றால் போய் மாற்றி, ஒரு காபியும் குடித்துவிட்டு வரலாம். எட்டு மணிக்குள் தீர்த்தம் முடிந்திருந்தால் அவசரமே இல்லை, பகல் ஒரு மணி வரை நேரம் இருக்கிறது.

இரண்டு லிங்கம் இங்கே. அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் முதல் பூசை, அப்புறம்தான் ராமலிங்கம். பலர் ராமநாதரை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடுகிறார்கள். பர்வதவர்த்தினி அம்மனையும் பார்த்துவிட்டு, மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்று முழுதாக நடங்கள். 1212 தூண். ஒரு மூலையில் நின்று நேராகப் பார்த்தால் தூண் வரிசை ஒரு புள்ளியில் போய் முடியும். நாள் முழுக்க ஓடிய கால் அந்தக் குளிர்ந்த கல்லில்தான் ஓயும். எங்கள் சித்தி கண்டாங்கியை மாற்றிய பிறகு இங்கேதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து வர மனசில்லாமல்.

12. மீதி இருக்கும் நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம்

டிபன் முடிக்கப் பத்து, பத்தரை ஆகும். ஆட்டோக்காரர்கள் பன்னிரண்டு இடம் அச்சடித்த அட்டையைக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் பார்த்தால் ஒன்றும் நினைவில் நிற்காது. நடக்கும் தொலைவிலேயே பள்ளிவாசல் தெருவில் கலாம் வீடு இருக்கிறது. உயரத்திலிருந்து தீவைப் பார்க்க விரும்பினால் கந்தமாதன பர்வதம் என்கிற ராமர் பாதம், மூன்று கிலோமீட்டர்தான், கொஞ்சம் படி ஏற வேண்டும். திரும்பும் வழியிலேயே ஒன்று வேண்டும் என்றால் தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம். கடலுக்குள் சின்னப் பாலம்போல நடந்து போனால் அங்கே ஊறுவது நல்ல தண்ணீர். நான் எடுப்பது இதைத்தான். பத்து நிமிட வேலை, எல்லோருக்கும் ஆச்சரியம்.

13. திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு அரியமான்

முனையில் குளிக்க விடாத பாக்கியை இங்கே தீருங்கள். மண்டபம் தாண்டி ராமநாதபுரம் போகும் வழியில், உச்சிப்புளிப் பக்கம் வலதுபுறம் உள்ளே போனால் அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கம், அலை குறைவு, வெகுதூரம் ஆழமில்லை, சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. பெரியவர்கள் மணலில் துண்டை விரித்துச் சாய்ந்துகொள்ளலாம். இருந்தாலும் தண்ணீருக்குள் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் இறங்கவே வேண்டாம். குளித்தபின் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் அருகில் கிடைக்கும் என்று நம்பாமல் ராமேஸ்வரத்திலேயே ஒரு கேன் நிரப்பி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் ஏழு மணி வாக்கில் காரைக்குடி.

14. வீடு வந்தபின்

ஈரத்துணிப் பையை அன்று இரவே அவிழ்த்துவிடுங்கள். அசதியில் காலையில் பார்க்கலாம் என்று விட்டால் நாற்றம் பிடித்துக் கரும்புள்ளி விழும். நேராகச் சோப்புப் போடாமல், நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிய பிறகு போடுங்கள், உப்பு இருக்கும்வரை நுரைக்காது. காரின் அடிப்பக்கத்தையும் சக்கரத்தையும் மறுநாள் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். தனுஷ்கோடி மணல் சந்து பொந்தெல்லாம் புகுந்திருக்கும், போன தை மாதம் போய்வந்த வண்டியின் மிதியடிக்கு அடியிலிருந்து எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.